ரேஷனில் பாமாயிலா, தேங்காய் எண்ணெயா? கொலஸ்ட்ரால் கணக்கு எங்கே இடிக்கிறது

ரேஷன் கடையில் பாமாயிலை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் கொடுக்க வேண்டும் என்பது கொங்கு விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் தேங்காய், கொப்பரை விலை சரியும்போதெல்லாம் இந்தக் குரல் உரக்கக் கேட்கும். அதன் பொருளாதார நியாயம் தனி. அதோடு ஒட்டிக்கொண்டு வாட்ஸ்அப்பில் சுற்றும் வாதம் வேறு: "பாமாயில் ரத்தக்குழாயை அடைக்கும், தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ராலே கிடையாது."

இதில் இரண்டாம் பாதி நூற்றுக்கு நூறு உண்மை. பாமாயிலிலும் கொலஸ்ட்ரால் கிடையாது என்பதும் அதே அளவு உண்மை. அதனால் இந்தச் சண்டையைக் கொலஸ்ட்ராலை வைத்துத் தீர்க்கவே முடியாது. எதை வைத்துத் தீர்ப்பது என்று பார்ப்போம்.

உணவில் இருக்கும் கொலஸ்ட்ராலும் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலும்

கொலஸ்ட்ரால் மெழுகு போன்ற ஒரு பொருள். செல்களின் சவ்வுக்கு அது வேண்டும். பித்த நீர், வைட்டமின் டி, பாலின ஹார்மோன்கள் எல்லாம் அதிலிருந்துதான் உருவாகின்றன. உணவு வழியாக அது நமக்கு வருவது இறைச்சி, முட்டை, பால் போன்ற விலங்குப் பொருள்களிலிருந்துதான். தாவர எண்ணெய்களில் இருப்பது கணக்கில் வராத அளவு. "கொலஸ்ட்ரால் இல்லாத கடலை எண்ணெய்" என்று அச்சடிப்பது, எலும்பில்லாத கத்தரிக்காய் என்று கூவி விற்பது மாதிரிதான். எண்ணெய்ப் பாக்கெட்டில் "கொலஸ்ட்ராலை எதிர்க்கும்", "இதயத்துக்கு இதமானது", "டபுள் ரீஃபைண்ட்" போன்ற மிகைச் சொற்களை 2011ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகளே தடை செய்தன.

நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய முக்கால் பங்கு உடல் தானே தயாரித்தது. கல்லீரலுக்கு அதில் முக்கியப் பங்கு. சாப்பாட்டில் கொஞ்சம் கூடினால், பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரல் தன் உற்பத்தியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். ஒரு பெரிய முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 186 மி.கி. கொலஸ்ட்ரால் இருக்கிறது, பூரிதக் கொழுப்போ (saturated fat, எளிதில் உறையும் வகைக் கொழுப்பு) 1.6 கிராம்தான். அமெரிக்க உணவு வழிகாட்டி, நாளுக்கு 300 மி.கி. கொலஸ்ட்ராலுக்கு மேல் கூடாது என்ற பழைய வரம்பை 2015 பதிப்பில் கைவிட்டது இதனால்தான். நாமக்கல் முட்டையை நாளுக்கு ஒன்று சாப்பிடுவதால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. சர்க்கரை நோய் இருப்பவர்களும் எல்.டி.எல். எனும் 'கெட்ட' கொலஸ்ட்ரால் ஏற்கெனவே கூடியவர்களும் மஞ்சள் கருவின் எண்ணிக்கையை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும். ஆட்டு மூளை வறுவல் கதை வேறு: 100 கிராமில் 1,300 மி.கி.க்கு மேல்.

அப்படியானால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏன் ஏறுகிறது? எண்ணெய் மாதிரியே கொலஸ்ட்ராலும் தண்ணீரில் கரையாது, அதனால் ரத்தத்தில் தனியாகப் போக முடியாது. புரதத்தால் சுற்றிய பொட்டலங்களாகத்தான் போகும். உடலெங்கும் கொலஸ்ட்ராலைக் கொண்டுபோகும் பொட்டலம் எல்.டி.எல். அதைத் திரும்பப் பிடித்து இழுக்கக் கல்லீரலின் மேற்பரப்பில் கொக்கிகள் மாதிரி ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காகத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. பூரிதக் கொழுப்பு நிறையச் சாப்பிட்டால் இந்தக் கொக்கிகள் குறைகின்றன. எல்.டி.எல். நெடுநேரம் ரத்தத்திலேயே சுற்றுகிறது. ஒரு பகுதி ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்கிப்போகிறது. அடைப்பின் தொடக்கம் அதுதான்.

ஆக எண்ணெயைப் பார்த்துக் கேட்க வேண்டியது, இதில் பூரிதக் கொழுப்பு எத்தனை கிராம் என்பதைத்தான்.

எண்ணெய்க் கணக்கு

100 கிராம் எண்ணெயில் பூரிதக் கொழுப்பு, ஏறக்குறைய:

- தேங்காய் எண்ணெய்: 85 முதல் 90 கிராம்
- நெய்: 60 முதல் 65
- பாமோலின், அதாவது ரேஷனில் பாமாயில் என்ற பெயரில் வாங்குவது: 40 முதல் 45
- கடலை எண்ணெய்: 17 முதல் 20
- நல்லெண்ணெய்: 14 முதல் 15
- சூரியகாந்தி எண்ணெய்: 10 முதல் 12

நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 2 லிட்டர் எண்ணெய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான் நிற்கும். அப்படிப் பார்த்தால் ஆளுக்கு நாளுக்கு 15 கிராம் வருகிறது. எல்லாமே தேங்காய் எண்ணெய் என்றால் அதில் பூரிதக் கொழுப்பு 13 கிராம். பாமோலின் என்றால் 6.5 கிராம்; கடலை எண்ணெய் என்றால் 3 கிராமுக்கும் கீழே. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு நாள் முழுக்க இருக்கும் வரம்பே 22 கிராம்தான். அதில் பால், தயிர், நெய், தேங்காய்ச் சட்னி, கறி எல்லாம் அடக்கம்.

தேங்காய் எண்ணெய்க்கு ஆதரவாக ஒரு வாதம் அடிக்கடி வரும்: அதில் இருப்பது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு (கார்பன் சங்கிலி குட்டையானது), அது நேராகக் கல்லீரலுக்குப் போய் எரிந்துவிடும் என்று. அந்த வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகள் பெரும்பாலும் 8, 10 கார்பன் கொழுப்பு அமிலங்களை மட்டும் பிரித்தெடுத்த எண்ணெயில் நடந்தவை. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அதற்கு 12 கார்பன். குடலில் உறிஞ்சப்படும்போது அதன் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்பு போகும் வழியில்தான் போகிறது. 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வந்த பகுப்பாய்வு, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை டெசிலிட்டருக்கு 10 மி.கி. அளவுக்குக் கூட்டுகிறது என்று கண்டது. மிச்சக் கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குத் திருப்பும் 'நல்ல' பொட்டலமான எச்.டி.எல்.லும் கொஞ்சம் கூடுகிறது என்பது நிஜம். ஆனால் எச்.டி.எல்.லைக் கூட்டிக் காட்டிய மருந்துகள் மாரடைப்பைக் குறைக்கத் தவறியதால், அந்த லாபத்தைப் பெரிதாக வரவு வைக்க முடியாது.

பாட்டன் பூட்டன் தேங்காய் எண்ணெயில்தானே சமைத்தார்கள் என்றால், அவர்கள் மாதம் எத்தனை லிட்டர் வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். காலை முதல் மாலை வரை ஏர் பிடித்த உடம்பும், தறிக்குடோனில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும் உடம்பும் ஒன்றில்லை.

தேங்காயாகச் சாப்பிட்டால்? அதில் நார்ச்சத்து உண்டு, எண்ணெயில் கிடையாது. ஆனாலும் 100 கிராம் தேங்காய்ப் பருப்பில் 30 கிராம் அளவுக்குப் பூரிதக் கொழுப்பு இருக்கிறது. நடுத்தரத் தேங்காய் ஒன்றைத் துருவினால் சுமார் 250 கிராம் தேறும். சட்னிக்கும் குழம்புக்கும் சந்தகைக்கு ஊற்றும் பாலுக்குமாக நாலு பேர் ஒரே நாளில் ஒரு முழுக் காயைத் தீர்த்தால், ஆளுக்கு 18 கிராமைத் தாண்டுகிறது. அரைக் காய் என்றால் 9.

மரச்செக்குக்கு வருவோம். செக்கில் ஆட்டிய எண்ணெயில் வாசனை இருக்கும், வைட்டமின் ஈ போன்றவை கூடுதலாகத் தங்கும். கொழுப்பு அமிலங்களின் விகிதம் மட்டும் மாறவே மாறாது. செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் தேங்காய் எண்ணெய் தேங்காய் எண்ணெய்தான். வடிகட்டிச் சுத்திகரிக்காத எண்ணெய் சீக்கிரம் புகையும் என்பதால் தாளிக்கவும் குழம்புக்கும் அது நல்லது. வடை சுட அவ்வளவு ஏற்றதில்லை.

ஆக, ரேஷன் கேள்விக்குக் கொலஸ்ட்ரால் கோணத்தில் பதில்: கோரிக்கையில் இரண்டாவதாக வரும் கடலை எண்ணெய்தான் முதலில் வர வேண்டியது. பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்பது தென்னை விவசாயிக்கு நல்லதாக இருக்கலாம், எல்.டி.எல்.லுக்கு இல்லை. லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ரேஷன் பாமோலினை நம்பியிருக்கும் வீடு பயப்பட வேண்டியதில்லை. அதைத் தாளிக்க மட்டும் வைத்துக்கொண்டு, மீதித் தேவைக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ அரை லிட்டர் வாங்கினாலே கணக்கு கணிசமாக மாறும்.

ரத்த ரிப்போர்ட்டில் எந்த வரியைப் பார்ப்பது

திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவரின் ரிப்போர்ட் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு மில்லிகிராம் கணக்கில்:

மொத்தக் கொலஸ்ட்ரால் 212. டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 240. எச்.டி.எல். 36. எல்.டி.எல். 128.

200க்கு மேல் போய்விட்டது என்று 212ஐப் பார்த்து அவர் முட்டையை நிறுத்துவார். நிறுத்த வேண்டியது வேறு. முதலில் அந்த 128 எப்படி வந்தது என்று பார்ப்போம். பல லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள்: 212 − 36 − 48 = 128. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் செல்லாது. அப்போது நேரடி அளவீடு கேட்க வேண்டும்.

மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் 176. அடைப்பு உண்டாக்கக்கூடிய எல்லாப் பொட்டலங்களின் கூட்டுத்தொகை இது. 130க்குக் கீழே இருப்பது நல்லது. டிரைகிளிசரைடு 150க்குக் கீழும், எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் மேலும் இருக்க வேண்டும். எல்.டி.எல். 100க்குக் கீழ் என்பது பொது அளவு. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இலக்கு இதைவிடக் குறைவு.

டிரைகிளிசரைடு ஏறியும் எச்.டி.எல். இறங்கியும் இருக்கும் இந்த ரிப்போர்ட் ஊருக்கு ஊர் காணக் கிடைப்பது. தமிழ்நாடும் சேர்ந்திருந்த ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் (ICMR-INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வின் முதல் கட்ட முடிவு 2014இல் வந்தது. அதில் 72.3 சதவீதம் பேருக்கு எச்.டி.எல். குறைவு, 29.5 சதவீதம் பேருக்கு டிரைகிளிசரைடு அதிகம், எல்.டி.எல். அதிகமாக இருந்தவர்கள் 11.8 சதவீதம்தான்.

டிரைகிளிசரைடை ஏற்றுவதில் எண்ணெயைவிடச் சர்க்கரை, மாவுச்சத்து, மது மூன்றுக்கும் பங்கு பெரிது. தேவைக்கு மேல் வரும் சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி வி.எல்.டி.எல். என்ற பொட்டலத்தில் வெளியே அனுப்பும். அந்தப் பொட்டலம் தன் கொழுப்பை எச்.டி.எல்.லுக்குத் தள்ளிவிட்டு, அதன் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ளும். கொழுப்பு ஏறிய எச்.டி.எல். சீக்கிரம் சிதைந்துவிடும். ஒன்று ஏறினால் மற்றது இறங்குவது இப்படித்தான்.

இனி அந்தச் சூப்பர்வைசரின் நாளைப் பாருங்கள். ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை: டீயில் மட்டும் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. 50 கிராம் என்பது அதன் மேல் வரம்பு. டீயோடு வர்க்கியோ தேங்காய் பன்னோ வேறு. வெள்ளைச் சர்க்கரையை விட்டுக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டேன் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுச் சத்தும் நல்ல மணமும் உண்டு. டிரைகிளிசரைடு நிறத்தைப் பார்த்து ஏறுவதில்லை.

பேக்கரி: ஒரு பப்ஸைப் பிரித்துப் பார்த்தால்

கோயம்புத்தூரில் தெருவுக்கொரு பேக்கரி. பப்ஸ் ஏன் அடுக்கடுக்காக உதிர்கிறது என்பது புரிந்தால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும்.

மைதா மாவைப் பிசைந்து விரித்து, நடுவில் கெட்டிக் கொழுப்பை வைத்து மடித்து, உருட்டி, மறுபடி மடிப்பார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் மாவுக்கும் மாவுக்கும் இடையே மெல்லிய கொழுப்புப் படலம் நிற்க வேண்டும். அடுப்பில் மாவின் ஈரம் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கும். படலம் இருப்பதால் அவை ஒட்டிக்கொள்ளாது. கடலை எண்ணெய் ஊற்றினால் மாவு உறிஞ்சிக்கொள்ளும், அடுக்கு வராது. வெண்ணெய் நம் ஊர் வெயிலில் மேசையிலேயே உருகி வழியும். அதனால் சூட்டிலும் கெட்டியாக நிற்கும் பேஸ்ட்ரி மார்கரின். கெட்டியாக நிற்க வேண்டுமென்றால் ஒன்று பூரிதக் கொழுப்பு வேண்டும், இல்லையென்றால் டிரான்ஸ் கொழுப்பு வேண்டும். மூன்றாவது வழி சுலபமாக இல்லை.

1 கிலோ மைதாவுக்கு அரைக் கிலோ மார்கரின், அரை லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 2 கிலோ மாவு. ஒரு பப்ஸுக்கு 60 கிராம் மாவு போனால், அதில் 15 கிராம் மார்கரின். மார்கரினில் 80 சதவீதம் கொழுப்பு, அதில் பாதி பூரிதம் என்று எடுத்தால் 6 கிராம். நாள் வரம்பான 22இல் கால் பங்கைத் தாண்டிவிட்டது. உள்ளே வைத்த மசாலாவையும் முட்டையையும் இன்னும் தொடவே இல்லை.

டிரான்ஸ் கொழுப்பு என்பது தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைப் பாதியளவு ஏற்றிக் கெட்டியாக்கும்போது உண்டாவது. டால்டா என்று ஊரார் சொல்லும் வனஸ்பதி இந்த முறையில் வந்ததுதான். பூரிதக் கொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றும்; டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றி, எச்.டி.எல்.லை இறக்கவும் செய்யும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் இதற்கான வரம்பை 2021 ஜனவரியில் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதமாகவும் குறைத்தது. பெரிய லாபம்தான். ஆனால் பேக்கரிக்குக் கெட்டிக் கொழுப்பு இன்னும் வேண்டுமே. டிரான்ஸ் போன இடத்துக்குப் பாமாயிலின் கெட்டிப் பகுதி வந்து உட்கார்ந்துகொண்டது. பாமாயிலைப் பிரிக்கும்போது திரவமாகக் கிடைப்பது ரேஷனுக்கு வரும் பாமோலின். கெட்டியாக மிஞ்சுவது ஸ்டியரின். "டிரான்ஸ் கொழுப்பு இல்லை" என்ற வாசகத்தைப் படித்ததும் கண் அடுத்த வரிக்கு, பூரிதக் கொழுப்புக்குப் போக வேண்டும்.

சாயங்கால ரோட்டுக்கடைக் காளானில் சிக்கல் வேறு. முட்டைக்கோஸும் கொஞ்சம் காளானும் மைதா, சோள மாவில் புரட்டிப் பொரித்து, தோசைக்கல்லில் கொத்தி, வெங்காயம் தூவிக் கொடுப்பார்கள். கோஸுக்கு ஒரு குறையும் இல்லை. பொரிக்கும் எண்ணெய் எத்தனையாவது முறை காய்கிறது என்பதுதான் கேள்வி. திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் சேரும். அவற்றின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. கடையில் நின்று அளக்க முடியாது. ஆனால் கருத்த நிறம், அடங்காத நுரை, மிதமான தீயிலேயே புகை, விரலில் பிசுபிசுப்பு: இந்த நாலில் இரண்டு தெரிந்தாலே நகர்ந்துவிடலாம்.

எல்லாப் பதப்படுத்தலும் கெடுதலா?

இல்லை. அரிசி குத்துவதும் பால் காய்ச்சுவதும் பதப்படுத்தல்தான். பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டெய்ரோ குழு உருவாக்கிய நோவா வகைப்பாடு உணவை நாலாகப் பிரிக்கிறது. நம் ஊர்க் கணக்கில்: கம்பு, பயறு, பால், முட்டை முதல் வகை. எண்ணெய், நெய், உப்பு, சர்க்கரை இரண்டாம் வகை. ஊறுகாய், உப்புக்கடலை மாதிரியானவை மூன்றாம் வகை. தொழிற்சாலையில் மாவுச்சத்து, எண்ணெய், சுவையூட்டி, நிறமி, பால்மமாக்கி எல்லாம் சேர்த்துக் கட்டிய கிரீம் பிஸ்கட், உடனடி நூடுல்ஸ், குளிர்பானம் நாலாம் வகை.

நாலாம் வகையின் முக்கியக் கோளாறு, வயிறு நிறைந்ததை அது தெரியவிடாது. அமெரிக்காவில் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட சோதனையில் 20 பேரை ஆய்வு மனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் நாலாம் வகை, இரண்டு வாரம் எளிய உணவு என்று கொடுத்தார்கள். பரிமாறியதில் கொழுப்பு, சர்க்கரை, நார் எல்லாம் ஒரே அளவாகப் பார்த்துக்கொண்டார்கள். நாலாம் வகை கிடைத்த வாரங்களில் அதே ஆட்கள் நாளுக்கு 500 கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

இந்த வகைப்பாட்டுக்கும் ஓர் ஓட்டை உண்டு. நோம்பிக்கு வீட்டில் சுட்ட முறுக்கும் கச்சாயமும் நாலாம் வகையில் வராது. எண்ணெய் என்னவோ அதிலும் சொட்டும். வீட்டில் செய்தது என்பது கொழுப்புக்கு விலக்குச் சீட்டு ஆகாது.

பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசிப்பது

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் வாக்குமூலம். வாசிக்கும் வரிசை இது:

1. சேர்மானப் பட்டியலின் முதல் மூன்று பெயர்கள். எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. "பல தானிய பிஸ்கட்" என்று முன்னால் போட்டுவிட்டுப் பின்னால் மைதா, சர்க்கரை, பாமாயில் என்று தொடங்கினால் அது மைதா பிஸ்கட். சிறுதானிய நூடுல்ஸ் என்றால் எத்தனை சதவீதம் சிறுதானியம் என்று தேடுங்கள்.

2. எண்ணெயின் பெயர். "தாவர எண்ணெய்" என்று மொட்டையாக நிறுத்தாமல் பாம், பாமோலின் என்ற சொற்கள் அருகில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹைட்ரஜனேற்றிய, இன்டர்எஸ்டரிஃபைட் என்ற சொற்கள் வந்தால் அது கெட்டிக் கொழுப்பு.

3. 100 கிராம் பத்தி. "ஒரு பரிமாறலுக்கு" என்ற பத்தி ஏமாற்றும். 80 கிராம் பாக்கெட்டை யாரும் நாலு நாள் வைத்துத் தின்பதில்லை. பரிமாறல் மட்டும் 20 கிராம் என்றிருக்கும். 100 கிராமில் பூரிதக் கொழுப்பு 15 கிராம் என்றால் அந்தப் பாக்கெட்டில் 12 கிராம்.

4. சேர்த்த சர்க்கரை. மொத்தச் சர்க்கரை தனி வரி, சேர்த்த சர்க்கரை தனி வரி. இரண்டாவதைப் பாருங்கள். வளரும் பிள்ளைகளுக்கென்று விற்கும் பால் பவுடர்களில் இந்த வரி பலரைத் திடுக்கிட வைக்கும்.

5. சோடியம். 2.5ஆல் பெருக்கினால் உப்பு. 2,000 மி.கி. சோடியம் என்பது 5 கிராம் உப்பு. நாள் வரம்பு அதுதான். இது கொலஸ்ட்ராலை ஏற்றாது, ரத்த அழுத்தத்தை ஏற்றும். அடைப்புக்கு இரண்டும் கூட்டாளிகள்.

"கொலஸ்ட்ரால் 0 மி.கி." என்ற வரியைக் கடைசியாகப் படித்தாலும் போதும், படிக்காவிட்டாலும் குடி முழுகாது.

அடுப்படியில் மாற்றக்கூடியவை

எண்ணெயில் தொடங்கலாம். மாதத்தின் முதல் நாள் ஆளுக்கு அரை லிட்டர் கணக்கில் மொத்த எண்ணெயையும் தனி டப்பாவில் ஊற்றிவையுங்கள். மாதம் முடியும் முன் தீர்ந்தால் எங்கே போகிறது என்று தானாகத் தெரியும்; பெரும்பாலும் பொரியலுக்கும் தோசைக்கும். வெளியே சாப்பிடும் எண்ணெய் இந்தக் கணக்கில் வராது, அதற்கு இடம் விட்டுத்தான் அரை லிட்டர் என்கிறோம். பலகாரம் சுட்ட எண்ணெயை ஆறியதும் வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளித்துத் தீர்த்துவிடுங்கள். அதன் மேலேயே புது எண்ணெயை ஊற்றி மறுபடி காய்ச்சினால் புதியதும் வேகமாகக் கெடும்.

அடுத்தது பருப்பும் பயறும். கொங்குச் சமையலுக்கு இது கைவந்த கலை, ஆனால் அளவு சுருங்கிவிட்டது. அரிசிம்பருப்புச் சாதத்துக்கு ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்பு போடுகிறவர்கள் அரை டம்ளர் போடலாம். தண்ணீர் முக்கால் டம்ளர் கூட வேண்டும், இல்லையென்றால் பருப்பு விறைத்து நிற்கும். பச்சைப்பயறு கடைசல், தட்டப்பயறுக் குழம்பு, கொள்ளுப் பருப்பு மூன்றும் வாரத்தில் மாறி மாறி வரட்டும்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைப்பதில்லை; வேலை நடப்பது வேறு வழியில். பயறுகளில் இருக்கும் கரையும் நார், குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். பித்தம் செய்யக் கல்லீரலுக்கு மறுபடி கொலஸ்ட்ரால் வேண்டும். அதை ரத்தத்தில் இருக்கும் எல்.டி.எல்.லிலிருந்து எடுத்துக்கொள்ளும். 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த பகுப்பாய்வில், நாளுக்குச் சுமார் 130 கிராம் வெந்த பயறு எல்.டி.எல்.லை 5 சதவீதம் குறைத்தது. 130 கிராம் என்பது ஒரு கிண்ணம். கொள்ளு ரசத்தை மட்டும் குடித்துவிட்டுக் கொள்ளைத் தள்ளிவைத்தால் நாரும் தள்ளிப்போகும்.

கம்மஞ்சோறு, ராகிக்களி நல்லவைதான், ஆனால் அவையும் மாவுச்சத்து. மூன்று உருண்டைக் களி தின்றுவிட்டு டிரைகிளிசரைடு ஏன் இறங்கவில்லை என்று கேட்கக்கூடாது. ஒரு உருண்டை, அதே அளவு கீரைக் கடைசல், பக்கத்தில் பயறு என்றால் சரி. டீக்கடையில் பன்னுக்குப் பதில் ஒரு கை வேகவைத்த கள்ளக்காய் (நிலக்கடலை), பருப்பு எடையில் 30 கிராம் அளவு, எடுத்துக்கொள்ளலாம். டீயில் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்த முடியாதவர்கள் வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தால் நாக்கு தகராறு செய்யாது. கோழி எடுக்கும்போது தோல் உரித்து வாங்கினால் கணிசமான கொழுப்பு கடையிலேயே தங்கிவிடும்.

சாப்பாட்டால் முடியாத இடம்

சாப்பாட்டை ஒழுங்காக மாற்றினால் எல்.டி.எல். பொதுவாக 10 முதல் 15 சதவீதம் இறங்கலாம். 128இல் இருப்பவருக்கு அது பெரிது. 190க்கு மேல் இருப்பவருக்குப் போதாது. 190ஐத் தாண்டியிருந்தால், அதிலும் வீட்டில் யாருக்காவது 50 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், அது பரம்பரையாக வரும் ஏற்பிக் குறைபாடாக இருக்கலாம். அப்படியானால் பிள்ளைகளுக்கும் பரிசோதனை வேண்டும், மருந்தும் வேண்டும். எல்.டி.எல். காரணமில்லாமல் ஏறினால் தைராய்டு பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். தைராய்டு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும். டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, அதற்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று தாங்களாக நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மாத்திரை வேலை செய்வதால்தான் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது. நிறுத்தினால் சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கே திரும்பும்.

சாப்பாட்டை மாற்றியவர்கள் 6 முதல் 12 வாரம் கழித்து, முடிந்தால் அதே லேபில், மறுபடி எடுத்துப் பார்க்கலாம். டிரைகிளிசரைடு சரியாகத் தெரிய 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். கிடா விருந்துக்கு மறுநாள் காலை போய் ரத்தம் கொடுக்காதீர்கள். விருந்தும் மதுவும் தீர்ந்து மூன்று நாள் வழக்கமான சாப்பாடு சாப்பிட்ட பிறகு போங்கள்.